உன் காருக்கு உன் மாமனார் கட்டுகிற வரி

தம்பிக்கு,

எல்லோரும் சுகம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. உன் ஆத்தா சுகமாக இருக்கிறாள். இந்த ஐப்பசியில் மழை ஏமாற்றவில்லை, அன்னவாசல் பக்கத்துக் கண்மாயெல்லாம் தண்ணீர் நிற்கிறது, மளிகைக் கடையில் வியாபாரமும் பரவாயில்லை. எனக்கு மட்டும்தான் உடம்பில் ஒன்றும் இல்லாமல் மனசில் ஓர் எரிச்சல். ஈப்போவிலிருந்து உன் கடிதம் வந்த நாளில் பிடித்தது, இன்னும் விடவில்லை. வயசாகிவிட்டது, பித்தமாக இருக்கும் என்று சீரகத்தண்ணீர் குடித்துப் பார்த்தேன். பித்தமில்லை. பொறாமை. உன் மாமனார் மேல் எனக்குப் பொறாமை. பெற்ற பிள்ளைக்கு எழுதுகிற எழுத்தா இது என்று நீ நினைக்கலாம். வேறு யாருக்கு எழுதுவேன்? இந்த ஊரில் யாரிடம் சொன்னாலும் சாயங்காலத்துக்குள் கடைவீதி முழுக்கத் தெரிந்துவிடும்.

நீ எழுதியிருந்ததை நான் புரிந்துகொண்ட மட்டில் சொல்கிறேன், தப்பாக இருந்தால் திருத்து. நீ கணக்கு எழுதுகிற கிராணியாக இருக்கிற ரப்பர் எஸ்டேட் ஒரு மூலையில், டவுன் ஒரு மூலையில். கார் இல்லாமல் வேலை நடக்காது. அந்தக் காருக்கு வருஷம் பிறந்தவுடன் ரோட்டு வரி கட்ட வேண்டும், இன்சூரன்ஸும் கட்ட வேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில் வந்து நிற்கின்றன. கட்டினால்தான் கண்ணாடியில் ஒட்ட வட்டமாக ஒரு காகிதம் தருவார்கள், அது இல்லாமல் ரோட்டுக்கு வந்தால் போலீஸ் பிடிக்கும். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் வரி வரிதான். கார் வாங்கிய விலையைவிட அதை வைத்துக்கொள்கிற செலவுதான் உன் கழுத்தைப் பிடிக்கிறது. இந்த வருஷம் பட்ட பாட்டை வருகிற வருஷமும் பட முடியாது என்கிறாய். உன் மாமனார் ஒரு வழி சொல்கிறாராம். எஸ்டேட் வீட்டை விட்டுவிட்டு டவுனில் அவர் வீட்டிலேயே வந்து இருந்துகொள்ளுங்கள், காருக்கு ஆகிற வரி, இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொள்கிறார் என்று. அதாவது நீ வீட்டோடு மாப்பிள்ளை ஆக வேண்டும். கடைசியில், உங்கள் உத்தரவு இல்லாமல் போகமாட்டேன் அப்பா என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு பக்கம் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய போட்டோவைச் சட்டம் போட்டுக் கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். ஸ்டியரிங்கில் நீ. பின்னால் மருமகளும் பேரனும். உனக்குப் பக்கத்தில், முன் சீட்டில், உன் மாமனார். கோட்டுப் போட்டுக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே முழங்கையை நீட்டி, பிறந்ததிலிருந்து காரிலேயே போய்க்கொண்டிருந்தவர் மாதிரி ஒரு பார்வை. அந்த முழங்கையைத்தான் தம்பி என்னால் பார்க்க முடியவில்லை. மாட்டிய மறுநாளே பக்கத்தில் ஆணி அடித்து நாள்காட்டியைத் தொங்கவிட்டேன். அது சரியாக முன் சீட்டை மறைத்துக்கொண்டு நிற்கிறது. ஆனால் உப்பு வாங்க வருகிறவன்கூட, இது யாருங்க பாதி தெரியிறது என்று நாள்காட்டியைத் தூக்கிப் பார்க்கிறான். சம்பந்தி என்று சொல்கிறேன். சம்பந்திதானா ஒங்களுக்குக் கார் வாங்கிக் குடுத்தாரு என்று கேட்கிறான். இல்லை, என் மகன் வாங்கினான் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

இதையும் கேள். போன மாசம் சரக்கு எடுக்கப் புதுக்கோட்டைக்குப் போகிற போது பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தேன். கடை வாசலில் பஸ்ஸை நிறுத்தி டீ குடிக்கிற டிரைவர்தான், எனக்காக ஒருவரைப் பின்னால் அனுப்பினார். சித்தன்னவாசல் பாறை தாண்டியதும் மெல்ல முழங்கையை வெளியே வைத்துப் பார்த்தேன். காற்று நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, டிரைவர் என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "கையை உள்ள எடுங்கய்யா, கருவேல முள்ளு கிழிச்சுப்புடும்" என்றார். பின் சீட்டில் இருந்த நம் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் அதைக் கேட்டார்கள். டவுன் வருகிற வரைக்கும் கையை மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

உன் மாமனாரை நீ மாமனாராகத்தான் அறிவாய். எனக்கு அவன் கருப்பையா. நார்த்தாமலைக்காரன். கல் உடைக்கிற இடத்தில் அவன் அப்பா கூலிக்குப் போனார், அவன் எங்கள் கடைக்கு வந்து கடன் சொல்லிப் புளி வாங்கிக்கொண்டு போவான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே வயசு. மலாயாவில் அவன் கடை வைத்து நிமிர்ந்த பிறகு, என் பையனுக்கு அங்கே ஒரு வேலை பார்த்துக் கொடு என்று எழுதியவன் நான்தான். அவன் வேலையும் வாங்கிக் கொடுத்தான், பெண்ணையும் கொடுத்தான். இரண்டிலும் எனக்கு நன்றி இருக்கிறது. நன்றி இருக்கிற இடத்தில் பொறாமை இருக்காது என்று நினைத்தேன், இரண்டும் ஒரே பாயில் படுத்துக்கொள்கின்றன.

உங்கள் தலைப்பொங்கலுக்குப் பெண் வீட்டுச் சீர் வரும் என்று உன் ஆத்தா வீட்டை மெழுகிக் கோலம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பானையும் அரிசியும் வெல்லமும் கரும்பும் மஞ்சள் கொத்தும் தெரு வழியாக வர வேண்டும், நாலு பேர் வாசலுக்கு வந்து பார்க்க வேண்டும், அதுதானே சீர்? வந்தது ஒரு கடிதம். பொங்கல் சீருக்குப் பதிலாக மாப்பிள்ளை காருக்கு இந்த வருஷத்து ரோட்டு வரியும் இன்சூரன்ஸும் கட்டிவிட்டேன், இந்த ஊரில் கரும்பைவிட அதுதான் அவருக்கு உதவும் என்று உன் மாமனார் எழுதியிருந்தார். உன் ஆத்தா அந்தக் கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சீர் எங்கே என்று கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரியிடம் எதைக் காட்டுவது? உன் கார்க் கண்ணாடியில் ஒட்டிய வட்டக் காகிதத்தை இங்கிருந்து யார் பார்ப்பது? அது மட்டுமில்லை. வரியைக் கட்டிய கை அவருடையது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு அவர் முன் சீட்டில் உட்கார்ந்து போகிறார் என்று மருமகள் எழுதினாள். உட்காராமல் என்ன செய்வார்?

அதனால்தான் அடுத்த பொங்கலுக்கு முன்னாலேயே நான் எழுதினேன். சீர் என்றால் மாப்பிள்ளையைப் பெற்றவர்கள் வீட்டு வாசலுக்கு வர வேண்டும், சர்க்கார் ஆபீசுக்குப் போகக்கூடாது, எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததில்லை என்று. உன் மாமனார் மறுபேச்சுப் பேசவில்லை. நார்த்தாமலையில் இருக்கிற அவர் தம்பிக்குப் பணம் அனுப்பிச் சொல்லிவிட்டார். போகிக்கு முதல் நாள் இரண்டு வண்டி வந்தது. மேளம் வைத்து, அன்னவாசல் கடைவீதி வழியாகவே வரச் சொல்லியிருந்தேன். பித்தளைப் பானை, குடம், கட்டுக் கட்டாகக் கரும்பு, பூசணி, சேலை வேட்டி, எல்லாம். நான் கடையை விட்டு இறங்கி வீதியில் நின்றேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை இப்போது மறைக்கமாட்டேன், முன் சீட்டில் உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது.

மாசியில் உன் கடிதம் வந்தது. சீர் ஊரில் கொடுத்தாகிவிட்டது, அதனால் இந்த வருஷம் வரியை மாப்பிள்ளையே பார்த்துக்கொள்ளட்டும் என்று அவர் விட்டுவிட்டார். உன்னிடம் பணம் இல்லை, கேட்கவும் உனக்கு வாய் வரவில்லை. கார் கொட்டகையில் நின்றது. நீ எஸ்டேட்டுக்கும் டவுனுக்கும் மழையில் சைக்கிளில் போனாய். பேரனுக்குக் காய்ச்சல் கண்ட அன்று மருமகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரப்பர் பால் ஏற்றுகிற லாரியில் நின்றுகொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனாள். சொந்தக் கார் கொட்டகையில் நிற்கிறது, வட்டக் காகிதம் இல்லை. அதை நான் உன் ஆத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் அடுப்பில் இருந்த அந்தப் பித்தளைப் பானையை இறக்கிக் கழுவித் துடைத்துப் பரணில் ஏற்றிவிட்டு வந்து, "நமக்குப் பானை, அவனுக்குச் சைக்கிளா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பானையில் எதுவும் பொங்கவில்லை. நானும் இறக்கச் சொல்லவில்லை. ஆனால் தம்பி, நான் கேட்டது எங்கள் வழக்கத்தைத்தானே? வழக்கத்தையும் கொடுத்து வரியையும் கட்டியிருந்தால் அவர் சொத்து என்ன குறைந்துவிடும்? இப்படி நான் இன்னும் நியாயம் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். பேரன் பிழைத்து எழுந்ததால்தான் பேச முடிகிறது.

இப்போது வந்திருக்கிற கடிதத்தில் நீ இன்சூரன்ஸைப் பற்றி விளக்கியிருந்தாய். நீ கட்டுகிற சின்ன இன்சூரன்ஸ் ரோட்டில் போகிற மூன்றாம் மனிதருக்குத்தான், காரில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இல்லை, அதற்கு வேறே பெரிய தொகை கட்ட வேண்டும் என்று. முகம் தெரியாத, இன்னும் இடிக்காத ஒருவனுக்காக வருஷா வருஷம் காசு கட்டுகிற ஊரா அது என்று முதலில் ஆச்சரியப்பட்டேன். பிறகு இன்னொன்று தோன்றியது. அப்படியானால் முன் சீட்டில் இருக்கிற கருப்பையாவுக்கு அதில் ஒரு சல்லி கிடையாது. நான் கப்பலேறி வந்து உன் ரோட்டோரத்தில் நின்றால் எனக்கு உண்டு. இதை நினைத்து எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. கல்லாவில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் போட்டோவைப் பார்த்துவிட்டேன். நாள்காட்டிக்கு இந்தப் பக்கம் தெரிகிறவர்கள் நீயும் மருமகளும் பேரனும். உங்களுக்கும்தான் இல்லை. இப்படிப்பட்ட சந்தோஷம் வருகிற அளவுக்கு என்னைப் பொறாமை கொண்டுபோய் விட்டிருக்கிறது.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். கருப்பையா மலாயாவுக்குப் போன அன்று அவனோடு நானும் போனேன். வீட்டில் சொல்லாமல் திருச்சிக்குப் போய் ரயிலேறி, நாகப்பட்டினத்தில் இறங்கினோம். கப்பல் வரத் தாமதம் என்றார்கள். சத்திரத்தில் தங்கி, பகலெல்லாம் கடற்கரையில் உட்கார்ந்து, யார் எங்கே கடை வைப்பது என்று பேசிக்கொண்டிருந்தோம். பெரிய கடை எனக்குத்தான், அவன் எனக்குக் கணக்கு எழுத வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. கப்பல் வருவதற்கு முன்னால் என் சித்தப்பா வந்துவிட்டார். அப்பா படுத்த படுக்கையாகக் கிடக்கிறார், முகத்தைப் பார்க்க வேண்டுமானால் இப்போதே கிளம்பு என்றார். கருப்பையா என் மூட்டையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வரைக்கும் வந்து என்னை ரயிலேற்றிவிட்டான். ஊருக்கு வந்து பார்த்தால் என் அப்பா கடையில் துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு மறுபடியும் தராசைப் பார்த்தார். நானும் உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து மிளகாய் மூட்டையைப் பிரித்தேன். சாயங்காலம் கடையைச் சாத்துகிற போது பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், "கடலு எம்புட்டுப் பெருசுடா இருந்துச்சு?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. அவர் சாகிற வரைக்கும் சொல்லவில்லை. என் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டு இதையும் கேட்கிறாரே என்று கோபம். இந்த வயசில், இந்த முழங்கையைப் பார்த்த பிறகுதான் அவர் ஏன் கேட்டார் என்று தெரிகிறது. அவர் புதுக்கோட்டைச் சீமையைத் தாண்டாதவர். நான் போய்விட்டால் கடையை யார் பார்ப்பது என்கிற பயம் அவருக்கு இருந்திருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குக் கீழே இருந்தது இதுதான். தான் பார்க்காததைப் பிள்ளை பார்க்கப் போகிறான், தான் உட்காராத இடத்தில் வேறு யாரோ அவன் பக்கத்தில் உட்காரப் போகிறார்கள்.

அதனால் இந்தப் பதிலை நான் இரண்டு தரம் எழுதினேன். முதல் தரம் எழுதியது உனக்கு வரவில்லை. அதில் காரை விற்றுவிடு, வரியும் வேண்டாம் இன்சூரன்ஸும் வேண்டாம், வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு கிளம்பி வா, உன் ஆத்தாவுக்கு உடம்பு ரொம்ப மோசமாக இருக்கிறது என்று எழுதியிருந்தேன். ஒட்டுவதற்கு முன்னால் வழக்கம்போல அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. அவள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும் முறத்தைக் கீழே வைத்தாள். "எனக்கென்ன கேடு வந்துச்சு? நான் நல்லாத்தான் இருக்கேன். ஒங்களுக்குத்தான் வயித்தெரிச்சல், அதை ஒங்க பேருல எழுதுங்க. என் பேருல எழுதாதீங்க" என்றாள். மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டு, "அவன் அங்கிட்டே இருக்கட்டும். பிள்ளைக்குக் காய்ச்சல்னா கூப்பிடுற தூரத்துல ஒரு பெரிய மனுசன் வேணும்ல" என்றாள். பெரிய மனுசன் என்று அவள் கருப்பையாவைச் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. ஆனால் காகிதத்தைக் கிழித்துப்போட்டுவிட்டேன்.

ஆகவே இது என் உத்தரவு. போ. உன் மாமனார் வீட்டுக்கே போய் இரு. வருகிற பொங்கலுக்கு எங்கள் வாசலுக்கு ஒரு கரும்புகூட வர வேண்டாம் என்று அவருக்கும் எழுதிவிட்டேன். வரியைத் தவணை தப்பாமல் கட்டச் சொல். முடிந்தால் அந்தப் பெரிய இன்சூரன்ஸையே கட்டச் சொல், உள்ளே இருக்கிற எல்லோருக்கும் சேர்த்து, முன் சீட்டுக்கும் சேர்த்துத்தான். வீட்டோடு இருக்கிற மாப்பிள்ளை எப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு அனுபவம் இல்லை, கடைக்கு வருகிறவர்களைப் பார்த்துச் சொல்கிறேன். சாப்பாட்டில் குறை சொல்லாதே. எஸ்டேட் வீட்டை விடுவதால் மிச்சமாகிற பணத்தைத் தனியாக எடுத்து வை, அதை மருமகள் கையில் கொடு. கார் சாவி உன் சட்டைப் பையில் இருக்கட்டும், அந்த வீட்டு ஆணியில் தொங்கக்கூடாது. மழையில் வேகமாக ஓட்டாதே. கோயிலுக்குப் போகிற போது அவர் முன்னால் உட்கார்ந்தால் உட்காரட்டும். என்னை ஊருக்கு ரயிலேற்றிவிட என் மூட்டையைச் சுமந்தவன் அவன். சும்மா சொல்லக்கூடாது.

ஒன்றே ஒன்று இருக்கிறது. உன் கடிதத்தில் பேரன் பேசக் கற்றுக்கொள்கிறதைப் பற்றி எழுதிய பக்கத்தில், கார் டயர் மாற்றுகிற விஷயத்தில் 'அப்பா சொன்னபடி செய்தேன்' என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். நான் என்ன சொன்னேன் என்று ரொம்ப நேரம் யோசித்தேன். டயரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? நான் ஒன்றும் சொல்லவில்லை. மருமகள் அவரைக் கூப்பிடுகிறதைக் கேட்டுக் கேட்டு உன் வாயிலும் வந்திருக்கும், நீ வேண்டுமென்று எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வரியை உன் ஆத்தாவுக்கு வாசிக்காமல் தாண்டிவிட்டேன். நீ அவர் வீட்டில் இரு, அவர் சோற்றைச் சாப்பிடு, அவர் கட்டுகிற வரியில் கார் ஓட்டு. அவரை மட்டும் மாமா என்று கூப்பிடு தம்பி. அந்த இன்னொரு சொல்லுக்கு வருஷா வருஷம் என்ன கட்ட வேண்டுமானாலும் எனக்கு எழுது, நான் கட்டுகிறேன்.

உன் அப்பா